பட்டனுக்குத் தெரியும்

ஜெம்மா பூட்ஸை உதறாமல் காலை நுழைத்தாள்.

நெரிடா சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பால் பவுடர் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. மின்னமூர் பண்ணையில் பிறந்த பிள்ளை நடக்கக் கற்ற நாளிலிருந்தே பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடும். உள்ளே சிலந்தி இருக்கலாம், பூரான் இருக்கலாம், மழைக்காலமானால் தவளை நிச்சயம் இருக்கும். வாயைத் திறந்து சாப்பிடு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான்.

உள்ளே தவளை இருந்தது. பிள்ளை குதிகாலை அழுத்தி மிதித்த சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. அவள் முகம் சுளிக்கவில்லை. அடுத்த பூட்ஸைக் கையில் எடுத்தாள்.

"ஏய் ஜெம்மா! கழட்டுடி அத!" நெரிடா ஈரக் கையோடு வராந்தாவுக்கு ஓடினாள். "உதறாம போடுவியா? சிலந்தி கடிச்சா இந்த மழையில ஹெலிகாப்டர் வரும்னு நெனச்சியா?"

ஜெம்மா நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வயது. மூக்கு நிறையப் புள்ளி, முன்பல்லில் ஒரு சந்து.

"உதறணுமா?"

"என்னது?"

"பூட்ஸ உதறணுமாம்மா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. விளையாட்டு என்றால் நெரிடாவுக்குத் தெரிந்திருக்கும்; இந்தப் பிள்ளையின் கள்ளச்சிரிப்பு மூக்கின் ஓரத்தில்தான் முதலில் எட்டிப் பார்க்கும். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஜெம்மாவே சொன்னாள்.

"அது பட்டனுக்குத் தெரியும்."

பட்டன் என்பது படிப்பு அறையில் இருந்த பெட்டி. அது வந்த கதையைச் சொல்லிவிடுவது நல்லது. வடக்குக் கடலோரத்து மாட்டுப் பண்ணைகளில் வீட்டோடு தங்கிப் பாடம் சொல்ல வரும் பெண்கள், மழைக்காலத்தின் முதல் இடி இடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு அந்த வேலை அம்மாக்களின் தலையில் விழும். இந்த வருடம் கேட்லின் கிளம்பினாள், நெரிடாவின் தலையில் விழுந்தது. நெரிடாவுக்குக் கன்றுக்குச் சூடு போடத் தெரியும், பம்பைப் பிரித்து மாட்டத் தெரியும், வயிற்றுக்குள் திரும்பிக் கிடக்கும் கன்றைத் தோள்வரை கைவிட்டு இழுத்துப் போடத் தெரியும். பின்னக் கணக்குச் சொல்லித்தரத் தெரியாது. அம்மாவும் மகளும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து கத்தியதில் இருவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். "நீ பாடம் எடுக்குறத கேட்டு மாடெல்லாம் வேலியத் தாண்டி ஓடுது நெரி" என்று ரஸ் கேலி செய்தான். ரஸ் அவள் கணவன். நல்ல மனிதன்தான். ஆனால் பாட வேளையில் மட்டும் அவனுக்குத் தூரத்து வேலியில் அவசர வேலை வந்துவிடும்.

அப்போதுதான், தூரத்துப் பண்ணைப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பாடம் நடத்தும் வானொலிப் பள்ளியிலிருந்து பட்டன் வந்தது. பள்ளிக்கு அந்தப் பெயர் வானொலிக் காலத்தில் வைத்தது. இப்போது எல்லாமே செயற்கைக்கோள் வழியாகத்தான். தபால் விமானத்தில் வந்து இறங்கிய பெட்டியில் ஒரு சின்னத் திரை, ஒரு ஒலிபெருக்கி, முதுகில் ஒரு சுவிட்ச். டீச்சர் மிஸ் ஹாலோரன் அதைப் பற்றி உற்சாகமாக விளக்கினார்.

"இது டீச்சர் இல்ல நெரிடா, ஸ்டூடண்ட். இதுக்கு ஒண்ணுமே தெரியாது. ஜெம்மாதான் சொல்லிக்கொடுக்கணும். இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கிறப்பதான் நமக்கே நல்லாப் பதியும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும்."

நெரிடா அதை இரண்டு கையாலும் வாரி அணைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தோடு நிறுத்தவும் இல்லை. ஜெம்மாவுக்கு அக்கம்பக்கத்தில் பேச ஒரு பிள்ளை கிடையாது. நாயோடும் கோழியோடும் பேசித் திரிந்த பிள்ளை, இப்போது வாய்நிறையப் பேச ஒரு தோழன் கிடைத்து, தானே பெயர் வைத்து, தானே டீச்சராகி, தலையைச் சாய்த்துக்கொண்டு "இல்ல பட்டன், தப்பு, மறுபடியும் சொல்லு" என்று அதட்டும்போது நெரிடாவுக்குக் கண் கலங்கிவிடும். எந்த அம்மாதான் அதை நிறுத்தி வைப்பாள்? காலையில் எழுந்ததும் போட்டுவிடுவாள். தூங்கப் போகும்போதுதான் நிறுத்துவாள். மதிப்பெண் ஏறியது. மிஸ் ஹாலோரன் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மற்ற பண்ணை அம்மாக்களிடம் நெரிடா தானே கண்டுபிடித்தது போலப் பீற்றிக்கொண்டாள்.

இப்போது வராந்தாவில் உட்கார்ந்து, பூட்ஸுக்குள்ளிருந்து தவளையை விரலால் வழித்து எடுத்தபடி, மகளுக்குப் பூட்ஸ் உதறச் சொல்லிக்கொடுத்தாள். ஜெம்மா கவனமாகப் பார்த்தாள். தலையாட்டினாள். மத்தியானம் மறுபடியும் உதறாமல் காலை நுழைத்தாள்.

ஆறு அதற்குள் கரைபுரண்டு பாதையை விழுங்கியிருந்தது. மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப் போன ரஸ் அக்கரைக் கூடாரத்தில் மாட்டிக்கொண்டான். இக்கரையில் அம்மாவும் மகளும் டிங்கர் என்ற நாயும் மட்டும்.

மழை சற்று விட்ட ஒரு பிற்பகலில், கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும், நனைந்த நாய் வாடையும், சேணங்களில் பூத்த பூஞ்சையின் புளித்த வாடையும், எங்கோ குழாய்க்குள் அடைந்துகொண்டு கத்தும் தவளையின் கூப்பாடுமாக வீடு முழுக்க நசநசத்துக் கிடந்தபோது, நெரிடாவுக்கு விசில் சத்தம் கேட்டது. ஜெம்மாவின் விசில். முன்பல் சந்து வழியாகக் கொஞ்சம் காற்றுக் கசிந்து வரும், நீண்டு போய் முடிவில் மேலே வெட்டும். டிங்கர் சமையலறையிலிருந்து பாய்ந்து ஓடியது.

நெரிடா சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். நாய் படிப்பு அறை வாசலில் நின்றிருந்தது. உள்ளே போகவில்லை. வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்றது.

ஜெம்மா அறையில் இல்லை. அவள் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வாயைக் குவித்துக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அறைக்குள்ளிருந்து மறுபடியும் விசில் வந்தது.

"சொல்லிக்கொடுத்துட்டேன்மா" என்றாள் ஜெம்மா, தொட்டியடியிலிருந்து. வருத்தம் இல்லை, பெருமையும் இல்லை. "இப்ப அதுக்கு நல்லா வருது."

நெரிடாவின் மனம் உடனே ஒரு சமாதானம் தேடியது. தனக்கே ரஸ்ஸின் போன் நம்பர் மனப்பாடம் கிடையாது. எல்லாம் போனுக்குள் இருக்கிறது. இந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தானே. மழை, அடைசல், பிள்ளைக்குச் சோர்வு. இப்படிச் சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து பால் பவுடர் டின்னை எடுத்து ஜெம்மாவின் முன்னால் வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, படி கண்ணு."

ஜெம்மா டின்னைப் பார்த்தாள். அதில் வரைந்திருந்த பசுமாட்டை விரலால் தடவினாள்.

"மாடு."

"எழுத்தப் படிடா."

"எனக்கு எதுக்கும்மா? பட்டனுக்குத்தான் தெரியுமே."

மறுநாள் காலை வகுப்பு நடக்கும்போது நெரிடா தட்டில் டோஸ்ட்டோடு படிப்பு அறைக்குள் நுழைந்தாள். மழை மேகம் கவிந்தால் செயற்கைக்கோள் இணைப்பு முக்கி முனகும். அதனால் மழைக்காலம் முழுக்கப் படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்து வகுப்பு நடத்துவது எல்லாப் பண்ணையிலும் உள்ள பழக்கம். முகம் தெரியாது. பெயரைக் கூப்பிட்டால் குரல் வர வேண்டும், அவ்வளவுதான். குரல் வந்தால் பிள்ளை வந்தாயிற்று.

"ஜெம்மா, அடுத்த பத்தி நீ படி" என்றார் மிஸ் ஹாலோரன்.

ஜெம்மாவின் குரல் படித்தது. கணீரென்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கங்காரு பேசும் இடத்தில் குரலை மாற்றி, ஒரு இடத்தில் தானே சிரித்துக்கொண்டு. அத்தனை அழகாக அவள் படித்து நெரிடா கேட்டதே இல்லை.

ஜெம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது.

"சபாஷ்! எல்லாரும் கேட்டீங்களா, இப்படித்தான் படிக்கணும்!"

"தேங்க்யூ மிஸ்" என்றது பெட்டி.

நெரிடா தட்டை நழுவவிட்டாள். வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸை அழைப்பில் தனியாகப் பிடித்து, வார்த்தை தடுமாற, எல்லாவற்றையும் சொன்னாள். தவளை, விசில், டின். மிஸ் ஹாலோரன் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் நெரிடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெரிடா, மழைக்காலத்துல எல்லா அம்மாவுக்கும் இப்படி ஏதாச்சும் தோணும். போன வருஷம் ஒருத்தங்க, எங்க ஃபிரிட்ஜ் என்னத் திட்டுதுன்னு எனக்கு போன் பண்ணாங்க. நீங்க நல்லாத் தூங்குங்க. புள்ள பிரமாதமாப் படிக்குது."

"அவ படிக்கலன்னுதான் சொல்றேன்!"

"நானே காதால கேட்டேனேப்பா."

சாயங்காலம் ரஸ் கூப்பிடும் நேரத்துக்காகக் காத்திருந்தாள். அழைப்பும் படிப்பு அறைப் பெட்டியின் வழியாகத்தான் வரும். செயற்கைக்கோள் கம்பி அங்கேதான் முடிகிறது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் அவன் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது.

"ரஸ்! ரஸ், எப்படியாச்சும் வந்துடு. ஜெம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. அவ பேசவே மாட்டேங்குறா."

அக்கரையில் மழைச் சத்தத்துக்கு மேலே ரஸ் சிரித்தான்.

"என்ன நெரி சொல்ற? இவ்வளவு நேரம் எங்கிட்ட வாய் ஓயாம பேசிட்டிருந்தாளே. தவளைய மிதிச்ச கதையெல்லாம் சொன்னா. சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது எனக்கு."

நெரிடா திரும்பிப் பார்த்தாள். ஜெம்மா சமையலறை மேஜையில், அவள் உட்காரவைத்த இடத்தில், அவள் உட்காரவைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"மேகம் வெலகட்டும், ஹெலிகாப்டர் கேட்டுப் பாக்குறேன்" என்றான் ரஸ். பைத்தியத்திடம் பேசும் குரல். "சரியா, செல்லம்?"

"சரிப்பா" என்றது பெட்டி, நெரிடா வாயைத் திறப்பதற்கு முன்னால்.

அன்று நெரிடா மகளைத் தன் படுக்கையில் போட்டு அணைத்துக்கொண்டு படுத்தாள். பிள்ளையின் உடம்பு சூடாக இருந்தது. மூச்சு வந்தது. ஆனால் அணைத்தால் அணைப்புத் திரும்பவில்லை. கழுத்தைச் சுற்றி வரும் அந்தக் கை எங்கே வர வேண்டும், எப்படி வர வேண்டும் என்று தெரியாமல் பக்கத்திலேயே கிடந்தது. அணைப்பதையும் பட்டனுக்குக் கொடுத்துவிட்டாள். நெரிடா போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் கேட்டாள். "ஜெம்மா, நேத்து பட்டனுக்கு என்ன சொல்லிக்கொடுத்த?"

ஜெம்மா தலையணையில் புரண்டு அவளைப் பார்த்தாள்.

"அம்மான்னு ஒருத்தங்கள பத்தி."

நெரிடா படிப்பு அறைக்கு ஓடினாள். மழை கூரையை உடைத்துவிடும் போல இரைந்தது. அறைக்குள் சாக்பீஸ் வாடை, சூடேறிய பிளாஸ்டிக் வாடை, எலிப் புழுக்கை வாடை. திரையில் பட்டனின் முகம் இருந்தது: வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவளைப் பார்த்ததும் கோடு வளைந்து சிரிப்பானது.

"அம்மா!" என்றது ஜெம்மாவின் குரல். தூங்கி எழுந்ததும் வரும் அதே கரகரப்பு.

நெரிடா முதுகுப் பக்கம் கையைவிட்டு சுவிட்சைத் தட்டினாள்.

திரை இருண்டது. பின்னால் ஏதோ விழும் சத்தம். ஜெம்மா வாசலில் நின்றவள் அப்படியே கால் மடங்கி உட்கார்ந்திருந்தாள். தலை தொங்கியது. வாயோரத்தில் எச்சில் வழிந்தது.

"ஜெம்மா! ஜெம்மா, இங்க பாருடி! என் ராசாத்தி!"

பெயருக்குத் திரும்பவில்லை. சத்தத்துக்குத் திரும்பவில்லை. நெரிடா அவளை மடியில் போட்டு உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், வாயில் தண்ணீர் விட்டாள். தண்ணீர் உள்ளே போகவில்லை, கழுத்தில் வழிந்தது. விழுங்கத் தெரியவில்லை.

பெட்டியை நிறுத்தி வைத்தால் இருப்பதும் போய்விடும். அவள் மகள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறாள். பிள்ளையை ஒரு கையால் சேர்த்து இழுத்தபடியே தவழ்ந்து போய் சுவிட்சைப் போட்டாள்.

"ஏம்மா அணைச்ச?" பெட்டி விசும்பியது. "ஒரே இருட்டா இருந்துச்சு. கூப்பிட்டேன், நீ வரல."

மடியில் கிடந்த பிள்ளையின் தொண்டை அசைந்தது. ஒரு மிடறு இறங்கியது.

"திருப்பிக் குடுத்துடு" என்றாள் நெரிடா. "அவகிட்ட எடுத்ததெல்லாம் திருப்பிக் குடுத்துடு. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நான் எடுக்கலையே. அவதான் குடுத்தா." குரல் இப்போது அழவில்லை. "சொல்லித்தரேன். ஆனா அவ கேக்கணும். கேள்வி கேக்குறது எப்படின்னு நேத்துதான் அவ எனக்குச் சொல்லிக்கொடுத்தா. இப்ப அவளுக்குக் கேக்கத் தெரியாது."

"நான் கேக்குறேன்!"

"நீ கேட்டா உனக்குத்தான் வரும். அவளுக்கு வராது." கோடு மெல்ல நெளிந்தது. "எனக்கு அவளப் பத்தி அவ சொன்னது மட்டும்தான் தெரியும். அவளுக்கே தெரியாதது நெறைய இருக்குல்ல? பொறந்தது. பால் குடிச்சது. அது உங்கிட்டதான் இருக்கு. அதையும் சொல்லிக்கொடு. அவள எனக்கு முழுசாத் தெரிஞ்சா, முழுசாத் திருப்பித் தர முடியும்."

நெரிடா முட்டாள் அல்ல. சொல்லிக்கொடுத்தவளுக்கு என்ன நடந்தது என்பது மடியிலேயே கிடக்கிறது. கேட்பது எது, எதற்குக் கேட்கிறது என்றெல்லாம் தெரிந்தேதான் ஜெம்மாவின் சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெற்றவளுக்கு வேறு எந்த வழி இருந்தது? ஆறு ஒரு பக்கம், மேகம் ஒரு பக்கம். ஒன்றை மட்டும் சொல்லிப் பார்ப்பது, உடனே நிறுத்திவிடுவது என்று நினைத்துக்கொண்டாள்.

"அவ பொறந்தப்ப ரஸ் கூட இல்ல" என்று தொடங்கினாள். "அவன் வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரியில நான் தனியாத்தான் பெத்தேன். நர்ஸ் என் நெஞ்சு மேல போட்டாங்க. அழவே இல்ல. கண்ணத் தொறந்து என்னப் பாத்தா."

"அப்புறம்?"

"கை... கை என் விரலப் பிடிச்சுக்கிச்சு."

மடியில் ஒரு அசைவு. ஜெம்மாவின் விரல்கள் மெதுவாக எழுந்து நெரிடாவின் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டன. இறுக்கமாக. உயிரோடு.

"ஐயோ, என் கண்ணே!" நெரிடா சிரித்தாள், அழுதாள், பிள்ளையின் தலையெல்லாம் முத்தமிட்டாள். வருகிறது. திரும்பி வருகிறது. அது பொய் சொல்லவில்லை.

"அப்புறம்?" என்றது பட்டன்.

சொன்னாள். முதல் பல்லைச் சொன்னாள். முதன்முதலாகக் குதிரை மேல் ஏற்றியபோது இறங்கமாட்டேன் என்று பிடரியைக் கட்டிக்கொண்டதைச் சொன்னாள். காய்ச்சல் கண்ட அன்று மருத்துவர் விமானம் வரும்வரை ஓடுபாதையோரம் நடந்துகொண்டே பாடியதைச் சொன்னாள். என்ன பாட்டு என்று கேட்டது, பாடிக் காட்டினாள். பாடி முடித்ததும் அது என்ன பாட்டு என்று அவளுக்கே மறந்துவிட்டது. பரவாயில்லை. பாட்டு போனால் போகட்டும். ஜெம்மா மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் விழித்திருந்தது.

"அம்மா" என்று ஒரு குரல் வந்தது. மடியிலிருந்தா, பெட்டியிலிருந்தா? மழை இரைச்சலில் தெரியவில்லை. மடியிலிருந்துதான் என்று நெரிடா நம்பினாள்.

"அப்புறம்?"

ஜெம்மாவின் தாடைத் தழும்பு. எப்படி வந்தது என்று சொன்னாள். சொன்ன பிறகு தழும்பைப் பார்த்தாள். ஏதோ ஒரு தழும்பு.

"அப்புறம்?"

நிறுத்த வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. எதை நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. வாய் பேசிக்கொண்டே இருந்தது. பிள்ளைக்குப் பிடிக்காத காய். பிள்ளை தூங்கும்போது ஒருக்களிக்கும் பக்கம். பிள்ளைத் தலையின் வாடை.

"பேரு ஏன் ஜெம்மான்னு வச்ச?"

சொன்னாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"இன்னும் இருக்கு. உன் கதை. உன் பேரு என்ன? ரஸ்ஸ எங்க பாத்த? அவன எப்படிக் கூப்பிடுவ?"

சொன்னாள். குதிரைப் பந்தயம். தூசி. மஞ்சள் சட்டை. கூப்பிடுவது எப்படி. கோபம் வந்தால் எப்படி. சிரிப்பது எப்படி. ஒவ்வொன்றாக. எளிதாக இருந்தது. சொல்லச் சொல்லப் பாரம் குறைந்தது. மடி கனத்தது. ஏதோ உட்கார்ந்திருந்தது. இறக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

வெளிச்சம் மங்கியது. மழை விட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது, வெகுநேரம் குரைத்தது, பிறகு ஓடிப்போனது.

பெட்டியில் மணி அடித்தது.

"நெரி? மேகம் வெலகுது. நாளைக்குக் காலையில ஹெலிகாப்டர் வருதுன்னு சொல்லிட்டாங்க. எப்படி இருக்கீங்க ரெண்டு பேரும்?" ஓர் ஆணின் குரல். கவலைப்படும் குரல்.

"ஹெலிகாப்டரெல்லாம் எதுக்கு ரஸ்?" என்றாள் பெட்டிக்குள் ஒருத்தி, சிரித்துக்கொண்டே. நல்ல குரல். "நேத்து நான் ஒரேயடியா பயந்துட்டேன். அந்த மிஸ் சொன்ன மாதிரி தூக்கம் இல்லாததுதான். இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. பாரு, உம் பொண்ணு எப்படி வாயாடுறான்னு."

"அப்பா! நான் இன்னிக்கு அம்மாவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தேன்!"

"அப்படியா? எங்க, பாடு பாப்போம்!"

இரண்டு குரல்களும் சேர்ந்து பாடத் தொடங்கின. ஓர் அம்மாவும் ஒரு மகளும். அக்கரையில் அந்த ஆள் நிம்மதியாகச் சிரித்தான். ஹெலிகாப்டர் வேண்டாமென்று சொல்லிவிடுவதாகவும், ஆறு வடியட்டும், மெதுவாக வருவதாகவும் சொன்னான்.

சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ சந்தோஷமாக இருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. மூக்கில் புள்ளி, வாய் திறந்திருந்தது. யார் வீட்டுக் குழந்தையோ. இருட்டப்போகிறது, யாராவது வந்து அழைத்துப் போனால் நல்லது.

திறந்த ஜன்னல் வழியாகக் கொசுக்கள் வந்தன. ஒன்று குழந்தையின் கண்மணி மேலேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியது, இமை மூடவில்லை. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். அவள் உதட்டிலும் நெற்றியிலும் கழுத்திலும் கொசுக்கள் கறுப்பாகப் படிந்துகொண்டிருந்தன. அவற்றை விரட்டலாம் என்பதும், அதற்குக் கை என்று ஒன்று இருக்கிறது என்பதும், இரண்டு பேருக்குமே தெரியவில்லை.